ஏறாத நான்காம் மாடி

புது வீட்டில் நான் செய்த முதல் வேலை, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா விளக்கையும் போட்டதுதான். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, பால்கனி என்று புரோக்கர் கூசாமல் சொன்ன ஒன்றரை அடிச் சந்தில் ஒன்று. ஐந்தும் எரிந்தன. அடிக்கிற வெயிலில் அவை எரிவதே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அது போதும்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள், பதினோரு வருஷம் என் ஓர்ப்படியோடு ஒரே மீட்டரில் குடியிருந்து பார்க்கட்டும். அது இவருடைய அண்ணன் வீடு. எங்களுக்கு அங்கே ஓர் அறை. கட்டில், பீரோ, என் தையல் மெஷின், மகளின் புத்தகங்கள், மகள், நாங்கள் இரண்டு பேர், எல்லாம் அதற்குள். ஓர்ப்படி கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொள்வாள். ஆனால் கரண்டு என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள். நான் மெஷினில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் வாசலில் நிழல் விழும். "இன்னும் எவ்ளோ நேரம் ஓடும்?" குளியலறையிலிருந்து வந்து ஈரக்கையைத் துடைப்பதற்குள் குரல் வரும். "லைட்டை அணைச்சாச்சா? உள்ள யாரு இருக்கா, வெளிச்சம் காட்ட?" இவர் மின்சாரத் துறையில் மீட்டர் ரீடர். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை. அதையும் விட்டுவைக்க மாட்டாள். "ஊர் மீட்டரெல்லாம் பாக்கறாரு, நம்ம வீட்டு மீட்டர் ஓடறது மட்டும் அவரு கண்ணுக்குத் தெரியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். பள்ளிக்கூடச் சீருடைதான் என் தொழில். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அதில் மிச்சம் பிடித்து, இவர் சம்பளத்தில் கிள்ளி, அட்வான்ஸுக்குச் சேர்க்கவே நாலு வருஷம் ஆயிற்று. கிடைத்த வீடு நான்காம் மாடி. லிப்ட் கிடையாது, அதனால்தான் வாடகை எங்கள் கைக்கு எட்டியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு இவர், "நாலாவது மாடியா? வேற பாக்கலாமே" என்றார்.

"உங்களுக்கும் மூட்டு வலி இல்ல, எனக்கும் இல்ல. பேசாம ஏறுங்க."

ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, பூட்டியிருக்கிற கதவுகளைக்கூடப் பார்த்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குடிவந்த இருபத்திரண்டாம் நாள் மீட்டர் பார்க்க ஒரு பெண் வந்தாள். வேலைக்குப் புதுசு, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையில் பிளாஸ்டிக் உறை இன்னும் பளபளத்தது. இந்தக் கட்டடத்தில் மீட்டர் கீழே வரிசையாக இருக்காது. அந்தந்த வீட்டுக்குள், சமையலறைக் கதவுக்கு மேலே இருக்கும். ஸ்டூல் கேட்டாள், கொடுத்தேன். ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தாள். கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். திரும்ப மீட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க குடிவந்து எவ்ளோ நாளாச்சு?"

"இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. ஏன்?"

கருவி கறகறவென்று ஒரு சீட்டைத் துப்பியது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, "இது நான் எழுதினது இல்லக்கா. மீட்டர்ல இருக்கறதுதான்" என்று சொல்லி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனாள்.

சீட்டில் இருந்த தொகை எங்கள் ஏழு மாத வாடகை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன், அப்போதும் ஏழு மாத வாடகைதான். பதினைந்து நாளில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று அடியில் இருந்தது. என் மனசில் உடனே ஓடியது இதுதான். கரண்டு போனால் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் பள்ளி திறப்பதற்குள் கொடுக்க வேண்டிய நூற்று நாற்பது சட்டை போகும். சட்டை போனால் வாடகை போகும். பிறகு அந்த ஓர் அறை. வாசலில் அந்த நிழல்.

சாயங்காலம் இவர் வந்ததும் சீட்டை நீட்டினேன். நாம் ஒரு பில்லைப் படிக்கிற நேரத்தில் பத்து பில் படிக்கிறவர் இவர். இதை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரி வரியாகப் படித்தார். பிறகு கை கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"நீங்க சுத்தின ஏரியாதானே இது? என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எத்தனை ஆயிரம் வீடு. எது யாரு பாத்ததுன்னு ஞாபகமா இருக்கும்? இப்ப என்னைத்தான் ஸ்டோருக்கு மாத்திட்டாங்களே." இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் இவரைத் தெருவிலிருந்து எடுத்து, பழைய மீட்டர்கள் அடுக்கியிருக்கும் கிடங்கில் போட்டிருந்தார்கள்.

"அதுக்காக? உங்க ஆபீசுதானே. போய் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா மட்டும்? மீட்டர் ஓடியிருக்கு, பணம் கேக்கறாங்க. எதையாவது பண்ணி..." மென்று விழுங்கினார். "இல்லன்னா கொஞ்ச நாளைக்கு அண்ணன் வீட்டுக்கே போயிடலாம். அந்த ரூம் இன்னும் காலியாதான் கெடக்கு."

"அந்த ரூமுக்கு நான் திரும்பிப் போனா பொணமாத்தான் போவேன்" என்றேன். மேஜையில் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மேஜை அவளுக்கென்று இந்த வீட்டில் வாங்கிய முதல் பொருள். இவர் சீட்டை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்தார். சண்டை போடத் தெரியாத மனிதர், எல்லா வேலையும் நம் தலையில்தான் என்று நினைத்துக்கொண்டேன். பதினாறு வருஷமாக அப்படி நினைத்துப் பழகிவிட்டது.

வீட்டு ஓனர் போனில் என்னைப் பேசவே விடவில்லை. "அக்ரிமெண்டை எடுத்துப் படிங்க. சாவி வாங்கின நாள்லேர்ந்து வர்ற கரண்டு பில்லு யாருது? பில்லு எந்தத் தேதி போட்டு வந்திருக்கு? அவ்வளவுதான்." போன் வைக்கப்பட்டது.

அடுத்தது, எனக்கு முன்னால் இங்கே இருந்தவள். கட்டடத்தில் எல்லாரும் அவளைக் கேக்கக்கா என்றுதான் சொன்னார்கள். பெரிய ஓவன் ஒன்று வைத்து வீட்டிலேயே கேக் செய்து விற்றாளாம். பிறகு தொழிலை விட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். இதையெல்லாம் சொன்னது மூன்றாம் மாடி அம்மாள். "ஓவன் காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் ஓடும். படிக்கட்டு பூரா வாசனை. கரண்டு பில்லு மட்டும் கொஞ்சமாதான் வருதுன்னு சொல்லுவாங்க" என்றாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ரொட்டிக்கடையில் கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, தலைக்கு வலை போட்டு, இடுக்கியால் பன்களை எடுத்துக் காகிதப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். புருவத்தில் மாவு. கல்லாவில் மேனேஜர். நான் வரிசையில் நிற்கவில்லை, நேராகப் போய் அவள் முன்னால் சீட்டை விரித்தேன்.

"இது நீங்க விட்டுட்டுப் போனது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். உதடு வெளுத்துப்போயிற்று. "எப்படிம்மா? பில்லு வந்தா மறுநாளே கட்டிடுவேனே. ஒரு ரசீது விடாம வெச்சிருக்கேன்."

"ரசீது மட்டுமா வெச்சிருந்தீங்க? மீட்டர் பாக்க வந்தவனையும் கையில வெச்சிருந்தீங்க. நாள் பூரா ஓவன் ஓட்டினவங்களுக்கு ரெண்டு பல்பு எரிச்ச அளவுக்கு எப்படி பில்லு வரும்? ஊரை ஏமாத்திக் கேக்கு வித்துட்டு, இப்ப என் தலையில கட்டிட்டு வந்துட்டீங்க."

"மெதுவா பேசுங்கம்மா. இது நான் வேலை பாக்கற எடம்."

"அதனாலதான் இங்க வந்தேன். திருட்டுக் கரண்டுல தொழில் பண்ணினவங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியட்டும்."

மேனேஜர் கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தினார். வரிசையில் நின்ற ஒருவர், வாங்கிய பையைத் திறந்து சில்லறையை மறுபடி எண்ணினார். அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். அன்று எனக்கு நல்ல திருப்தி. உண்மையைச் சொன்னால், பதினோரு வருஷமாக ஓர்ப்படியிடம் திருப்பிக் கொடுக்க முடியாததையெல்லாம் அந்தப் பெண் தலையில் கொட்டிவிட்டு, லேசாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நானே மின்சார அலுவலகத்துக்குப் போனேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். கிடங்கு ஊரின் அந்தக் கோடியில், இந்த அலுவலகம் இந்தக் கோடியில். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஒரு அதிகாரி அம்மாள் கூப்பிட்டார். தலை பாதி நரைத்தவர், மேஜை ஓரத்தில் சாப்பாட்டு டப்பா பிரிக்காமல் இருந்தது. சீட்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு சிரித்துவிட்டார்.

"இங்க பாருங்கம்மா." திரையை என் பக்கம் திருப்பினார். "மூணு வருஷம், ரெண்டு மாசத்துக்கு ஒரு கணக்கு. நூத்தி நாப்பது யூனிட். நூத்தி முப்பத்தெட்டு. நூத்தி நாப்பத்தொண்ணு. திரும்ப நூத்தி நாப்பது. எந்த வீட்டு மீட்டராவது இப்படி ஓடுமா? கோடையும் ஒண்ணு, மழையும் ஒண்ணு. இது மீட்டரைப் பாத்து எழுதினது இல்ல. கீழ டீக்கடையில உக்காந்துக்கிட்டு எழுதினது. மாடி ஏறச் சோம்பேறித்தனம். புதுசா வந்த பொண்ணு ஏறிப் பாத்திருக்கா, மூணு வருஷ வித்தியாசமும் ஒரே பில்லுல வந்து விழுந்திருக்கு."

"அப்ப முன்னாடி இருந்தவங்க திருடல?"

"அவங்க என்ன திருடினாங்க? வந்த பில்லைக் கட்டியிருக்காங்க."

எனக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தியது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி வாயில் இருந்தது. "அப்ப நான் கட்ட வேண்டாமா மேடம்?"

அவர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "ஆட்சேபணைன்னு எழுதிக் குடுங்க. விசாரணை வைப்போம். ரீடர் தப்புன்னு ஆயிட்டா மொத்தத்தையும் அவரு சம்பளத்துல பிடிப்பாங்க. சம்பளம்னு ஒண்ணு இருந்தா. போன வருஷம் இதே மாதிரி ஒருத்தரை வீட்டுக்கே அனுப்பிட்டோம்."

"நல்லா அனுப்புங்க" என்றேன். வயிறு குளிர்ந்துபோயிற்று. "நாலு மாடி ஏற வலிச்சவனுக்கு எதுக்கு மேடம் சம்பளம்? அவனால ஒரு குடும்பம் தெருவுக்கு வர இருந்துச்சு." அழுத்தி அழுத்தி எழுதினேன். பெயர், முகவரி, இணைப்பு எண். தவறுக்குக் காரணம் என்ற இடத்தில், ரீடரின் பொறுப்பின்மை என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கடைசிக் கட்டத்தில் ரீடர் எண் கேட்டிருந்தது.

"எண் என்ன மேடம்?"

அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். "முந்நூத்திப் பதினெட்டு. மூணு வருஷமும் ஒரே ஆளுதான்."

அந்த எண்ணை நான் தைத்திருக்கிறேன். அலுவலகத்தில் எல்லாருடைய பையும் ஒரே மாதிரி இருக்கிறது, மாறிப்போகிறது என்று இவர் சொன்னதால், காக்கிப் பையின் மூடியில் சிவப்பு நூலால் பெரிதாகத் தைத்துக் கொடுத்தேன். எட்டு கோணிப்போய்விட்டது. பிரித்து இரண்டாம் தடவை தைத்தேன். அந்தப் பை வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

"பேனா எழுதலையா?" அதிகாரி தன் பேனாவை நீட்டினார்.

"இல்ல மேடம். இதை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"இன்னும் குடுக்கவே இல்லையேம்மா."

"அப்ப குடுக்கல."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஜெயிக்கற கேஸும்மா இது."

"தவணை போட்டுத் தருவீங்களா மேடம்?"

"அந்த ரீடரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை. அவர் பெருமூச்சு விட்டு, நாலு தவணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் எழுதிய படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். வாயில் நூல் முனை, மடியில் சின்னச் சின்ன வெள்ளைச் சட்டைகள். இவர் பட்டன் தைத்தால் துணி கிழியும், பட்டன் விழாது. அதைச் சொல்லி எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். ஆணியிலிருந்து காக்கிப் பையைக் கழற்றி அவர் முன்னால் போட்டேன், எண் மேலே தெரிகிற மாதிரி.

"மூணு வருஷத்துல இந்த மாடியை எத்தனை தடவை ஏறினீங்க?"

ஊசி நின்றது. பிறகு பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்கூட வீடு பாக்க வந்தப்பதான் முதல் தடவை."

"பில்லு வந்த அன்னிக்கே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னை அந்தப் பொம்பளைகிட்ட அனுப்பினீங்க."

"நான் அனுப்பல. நீதான் சொல்லாம போனே." உடனே குரலை இறக்கினார். "சொல்லிடணும்னுதான் இருந்தேன். இந்தத் தெருவுல மட்டும் பதினோரு கட்டடம். எல்லாத்துக்கும் மீட்டர் மேல, வீட்டுக்குள்ள. பாதி வீட்டுல ஆள் இருக்காது. எல்லாரும் அப்படித்தான் போட்டு எழுதுவோம். என்னிக்காவது ஒரு நாள் ஏறி, உண்மை கணக்கை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திச் சரிக்கட்டிடலாம்னு நெனைச்சேன். அதுக்குள்ள ஸ்டோருக்கு மாத்திட்டாங்க."

"மாடி ஏறாத நேரமெல்லாம் எங்க போனீங்க? சினிமாவுக்கா? சீட்டாட்டத்துக்கா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்துப் பேசுகிற முகம் இல்லை அது. எனக்கே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை நான் கேட்டுவிட்டேன் என்கிற முகம்.

"வீட்டுக்குத்தான் வந்தேன். ஒரு மணிக்குள்ள வந்துடுங்க, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கணும், பட்டன் நெறைய கெடக்குன்னு நீதான் சொல்லுவே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து எதையாவது வெட்டியிருப்பேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். இவரோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஐந்து மணிக்கு, சட்டை நனைந்து வீடு திரும்புவார்கள். இவர் மட்டும் ஒரு மணிக்கே மடிப்புக் கலையாமல் வந்துவிடுவார். எப்படி என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர், சுருக்க வேலையை முடித்துவிடுவார் என்று ஓர்ப்படியிடமே சொல்லியிருக்கிறேன். அந்த மத்தியானங்களில்தான் என் கூலி இரட்டிப்பாயிற்று. அதில்தான் இந்த வீட்டின் அட்வான்ஸ் சேர்ந்தது. நான் கேவலமாகத் திட்டிய சோம்பேறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்காகத்தான் பட்டன் தைத்திருக்கிறான். இதற்கு யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியாமல் நின்றேன்.

முதல் தவணைக்கு என் ஓவர்லாக் மெஷினை விற்றேன். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின் அது. இனி ஓரத்தைக் கையால்தான் மடித்துத் தைக்க வேண்டும். இவர் அதையும் தானே செய்கிறேன் என்றார். நான் அவரோடு பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தேன். கேக்கக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் எப்படித் தெரிந்தது என்று கேட்பாள். யார் அந்த ரீடர் என்று கேட்பாள். அவள் எழுதிக் கொடுத்தாலும் விசாரணைதான். சட்டை முடியட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே வந்துவிட்டாள். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மூன்றாம் மாடியில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. "ஆமாம்மா, நல்லா இருக்கேன். மேலதான் போறேன், கரண்டு விஷயமா." அந்தக் குரல் கேட்டதும் இவர் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. இவர் முகம் அவ்வளவு வேகமாக இருண்டு நான் பார்த்ததில்லை.

"அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்? நீங்கதான் ஏறவே இல்லையே."

பதில் சொல்ல நேரமில்லை. எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவு தட்டப்பட்டது.

அவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, நான் காட்டிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. நகக்கண்களில் மாவு காய்ந்திருந்தது. சமையலறைப் பக்கம் பார்த்து, "அங்கதான் ஓவன் இருந்துச்சு" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மொத்தமும் என்னால முடியாதும்மா. பாதி நான் குடுத்துடறேன். இது முதல் தவணை. ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து குடுத்துடுவேன்."

"எதுக்குக்கா..." என்று என் வாய் தொடங்கியது.

"இல்லம்மா. நீங்க அன்னிக்குப் பேசினது கோவத்துல பேசினது. வீட்டுல போய் யோசிச்சுப் பாத்தேன். நான் எரிச்ச கரண்டுதானே? வேற யாரு கட்டுவா? அப்பவே சந்தேகப்பட்டேன், இவ்ளோ கம்மியா வருதேன்னு. கம்மியா வருதுன்னுதான் கேக்கையும் கம்மி விலைக்குக் குடுத்தேன். சரியா வந்திருந்தா ஒண்ணு விலையை ஏத்தியிருப்பேன், இல்ல அப்பவே கடையைக் கட்டியிருப்பேன். இப்ப ஏத்தறதுக்குக் கேக்கும் இல்ல." சிரிக்கப் பார்த்தாள். "ரொட்டிக்கடையிலயும் கவுண்டர்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உள்ள மாவு பெசையற எடத்துக்குப் போட்டிருக்காங்க. சம்பளம் கொஞ்சம் கம்மி. அதான் தவணை."

ஏன் கவுண்டரில் வேண்டாம் என்றார்கள் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அந்த ரீடரைக்கூட ஒரு தடவை தெருவுல பிடிச்சு நிறுத்திக் கேட்டேம்மா. தம்பி, பில்லு ரொம்பக் கம்மியா வருது, மேல வந்து ஒரு தடவை பாருங்கன்னு. மீட்டரெல்லாம் நல்லாதான் ஓடுது, கவலைப்படாம போங்கன்னாரு. நல்ல மனுஷன்தான். அன்னிக்கு அவரு பொண்ணுக்குப் பொறந்தநாளாம். அரைக்கிலோ கேக் ஒண்ணு கட்டிக் குடுத்தேன். காசு நீட்டினாரு, நான்தான் வாங்கிக்கல."

வெள்ளைப் பெட்டி. நீல ரிப்பன். ஓர்ப்படி வீட்டு அறையில், கட்டில்மேல் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். ஏது என்று கேட்டதற்கு, தெரிந்தவர்கள் கொடுத்தது என்றார் இவர். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அந்த ரிப்பன் இப்போதும் மகளின் பென்சில் டப்பாவைச் சுற்றி, அதே மேஜைமேல், கேக்கக்காவின் கவருக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ரிப்பன் எல்லாம் ஒரே மாதிரிதானே.

வேண்டாம் அக்கா, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தவணைக்கு என்னிடம் விற்பதற்கு இருந்தது தையல் மெஷின் மட்டும்தான். அதுவும் போனால் அந்த அறைதான். நான் கவரைக் கையில் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது மட்டுமில்லை, "அடுத்த மாசம் மறந்துடாதீங்க" என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"மறக்க மாட்டேம்மா." எழுந்தவள் தயங்கினாள். "பாத்ரூம் போயிட்டு வரட்டுமா? கடையிலேர்ந்து நடந்தே வந்தேன்."

"தாழ்ப்பாள் உள்பக்கமா விழுந்து மாட்டிக்கிச்சுக்கா. ஆளு வந்துதான் திறக்கணும்."

"அடடா. அது பழைய தாழ்ப்பாள், எனக்கும் ரெண்டு தடவை அப்படி ஆச்சு. பரவால்ல, போற வழியில பாத்துக்கறேன்." வாசலுக்குப் போகிறவள் குளியலறைக் கதவருகே நின்றாள். கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. "லைட்டு எரியுதேம்மா. உள்ள யாரும் இல்லல்ல?"

"இல்ல."

"வீணா எரியுது பாரு. ஏற்கெனவே பட்டது போதாதா" என்றபடி, பல வருஷம் அந்த வீட்டில் இருந்த கை, பார்க்காமலே சுவரில் சுவிட்சைத் தேடி அணைத்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். கடைசிப் படி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கவரைப் பிரித்தேன். நோட்டுகளில் மாவு வாசனை அடித்தது.

"போயிட்டாங்களா?" குளியலறைக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

நான் நோட்டுகளை எண்ணினேன்.

"ஒண்ணுமே தெரியல, தாழ்ப்பாள் கைக்குக் கெடைக்கல. லைட்டைப் போடேன்."

சுவிட்சின்மேல் கையை வைத்தேன். போடவில்லை.

"உள்ள யாரு இருக்கா, வெளிச்சம் காட்ட?" என்றேன்.

குரல் என் ஓர்ப்படியுடையதாகவே இருந்தது. உள்ளே தாழ்ப்பாளைத் தடவுகிற சத்தம் நின்றுபோயிற்று. நான் கவரை மெஷினின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.